புறாத்தீவா, ஜாலி பாயா?

ஸ்நோர்கலிங் (மூச்சுக்குழாயைக் கடித்தபடி நீரின்மேல் மிதந்து கடலடியைப் பார்ப்பது) செய்ய ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. திருகோணமலையின் புறாத்தீவுக்குப் போவதா, அந்தமானின் ஜாலி பாய்க்குப் போவதா? இரண்டிலும் யாரும் குடியிருப்பதில்லை; இரவு தங்கவும் முடியாது.

பாதி முடிவை மாதமே சொல்லிவிடும். புறாத்தீவுக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் நீர் கலங்கிவிடும். ஜாலி பாய் இதற்கு நேர்மாறு. அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அதை மூடிவிட்டு, பக்கத்திலுள்ள ரெட் ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள். ஆடியில் கிளம்புகிறவருக்குப் புறாத்தீவு, மார்கழியில் கிளம்புகிறவருக்கு ஜாலி பாய்.

நீந்தத் தெரிந்தவருக்கு நான் தயங்காமல் சொல்வது புறாத்தீவைத்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர், படகில் சில நிமிடங்கள். மாடப்புறாக்கள் அடையும் பாறைத் தீவு என்பதால் ஊரார் புறாமலை என்றும் சொல்வார்கள். 1998-இல் கடல் சூடேறி இலங்கையின் பல பவளத்திட்டுகள் வெளுத்து மடிந்தபோது, இது பெரும்பாலும் தப்பியது. 2003-இல் தேசியப் பூங்காவானது. இடுப்பளவு நீரிலேயே கிளைவிட்ட பவளங்கள், அவற்றைக் கொறிக்கும் கிளிமீன்கள், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள். சுறா என்றதும் பயம் வேண்டாம், ஆளைக் கண்டால் அவையே விலகிப் போகும்.

என் கவலை ஆழம் குறைவு என்பதில்தான். களைத்தவர் சட்டென்று காலை ஊன்றுவது உயிருள்ள பவளத்தின்மேல். பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரே மிதியில் ஒடிந்துவிடுகிறது. கூட்டம் சேர்ந்தால் இது இன்னும் மோசம்.

இந்த விஷயத்தில் ஜாலி பாயின் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. 1983-இல் உருவான மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு அது. முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. வண்டூரிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், வழியில் அலையாத்திக் காடுகள். அடியில் கண்ணாடி பதித்த படகும் உண்டு என்பதால் நீந்தத் தெரியாத அம்மாவையும் பாட்டியையும் கரையில் உட்காரவைக்க வேண்டியதில்லை. ஆனால் 2010-இன் வெப்பம் அந்தமான் பவளங்களைக் கடுமையாகத் தாக்கியது. பழைய படங்களை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

புறாத்தீவைத் தேர்ந்தால் காலையின் முதல் படகிலேயே போய்விடுங்கள். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை, நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட். களைத்தால் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள், காலைக் கீழே விடவேண்டாம்.