வெட்டாமலே படகின் ஈரத்தை எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை! 80,000 போச்சு

கோபம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகை, வேகம் கூட்டினால் லேசாக அசைந்தது. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். எஞ்சின் போல்ட் ஓட்டைகளைச் சரியாக அடைக்காததால் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மரம் ஊறிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். இங்கே சொத் சொத்தென்றுதான் கேட்டது.

படகு பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "வெட்டவே வேண்டாம் சார். சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, சூடு காட்டி, வேக்யூம் பம்ப் வச்சு ஈரத்தை இழுத்துடுவோம். அப்புறம் ரெசின், அதான் இறுகிக் கெட்டியாகுற பசை, அதை ஏத்தினா மரம் கல்லு மாதிரி ஆயிடும்" என்றார்கள். முழுப் பணம் 80,000, அதுவும் முன்கூட்டியே.

நான் நம்பிய இடம் எது தெரியுமா? அந்த ஈரப்பத மீட்டர். பட்டறைக்காரர் என் கண் முன்னால் அதைப் பலகையில் வைத்தார். 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. வேலைக்கு நடுவில் என்னை வரச்சொல்லி மறுபடி வைத்தார், 11. "12க்குக் கீழே வந்தா எபாக்ஸி ரெசின் பிடிக்கும் சார், இனி கவலையே இல்லை." அந்த 12 கணக்கு உண்மைதான், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. ஆனால் மீட்டரை வைத்தது ஹீட்டர் சூட்டில் காய்ந்துகொண்டிருந்த மேற்பரப்பில். ஆழத்தில் என்ன இருக்கிறது என்று உள்ளே இருக்கும் மரத்தைத் துளைத்தெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

படகு தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே போல்ட் ஓரமாகப் பழுப்பு நீர் கசிந்தது. போன் செய்தால், "ரெசின் செட் ஆகும்போது அப்படித்தான் இருக்கும்." அப்புறம், "மழையில நிறுத்தினீங்களா?" அப்புறம், "ரெசின் கம்பெனியைத்தான் கேக்கணும்." கடைசியில் போனையே எடுப்பதில்லை. 80,000 வாங்கும்போது மட்டும் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள்!

வேறொருவரை வைத்து உள்பக்க ஃபைபரை வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கொஞ்சம் ரெசின் கெட்டியாக நிற்கிறது. மற்றதெல்லாம் கறுத்து, விரலால் அழுத்தினால் தண்ணீர் வரும் கூழ். பிளைவுட் அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியது. இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருக்கிறது. ஓட்டை வழியாக அதன் ஓரம்தான் காயும், தள்ளி இருக்கும் ஈரம் வெளியே வர வழியே இல்லை. அந்த ஓட்டைகளிலும் ரெசினை ஊற்றியதால் மிச்ச ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டுவிட்டது. அழுகிய மரத்துக்கு எந்த ரெசினும் பழைய வலுவைத் திருப்பித் தராது. இப்போது முழுப் பலகையும் மாற்ற வேண்டும். அதற்குத் தனிச் செலவு, அந்த 80,000 போனது போனதுதான்.

ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பணம் கொடுக்கும் முன் உள்பக்கமாகச் சில துளைகள் போடச் சொல்லி, வரும் மரத்தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து இருந்தால் சரி. கறுப்பாக, ஈரமாக, மக்கல் வாசனையோடு வந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். அழுகாமல் வெறுமனே நனைந்த மரம் என்றால்கூட ஒரு பக்க ஃபைபரைத் திறந்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாகப் பொறுமையாகத்தான் காயவைக்க வேண்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் ஃபைபர் மரத்தை விட்டுக் கிளம்பிவிடும். அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தை ஊற்றினால் தண்ணீரை இழுத்துவிடும் என்று யாராவது சொன்னால் உடனே படகை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அதன் ஆவி குப்பென்று தீப்பிடிக்கும்.