பெப்டைடு தடுப்பூசி: கியூ11 நாரிழையா, கொழுப்புவால் மைசெல்லா?

தனி எபிடோப் (நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் சிறு பகுதி) பெப்டைடு, அதாவது குட்டி அமினோ அமிலத் தொடர், உடலில் சீக்கிரம் சிதைந்துவிடும், எதிர்வினையும் சொற்பம். அதனால்தான் தானாகக் கூடி அமையும் வடிவங்கள்: ஒன்று கியூ11 நாரிழை, மற்றது கொழுப்புவால் பெப்டைடுகள் திரளும் நுண்திரளான மைசெல்.

கியூ11 என்பது 11 அமினோ அமிலங்கள் கொண்ட தொடர். எபிடோப்பை செரின்-கிளைசின்-செரின்-கிளைசின் இணைப்பின் வழியே அதனோடு கோக்கலாம். இந்தத் தொடர்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து பீட்டா தகடுகளாகி, அவை அடுக்கி நாரிழையாகும். எலிகளில், ஓவால்புமின் (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) எபிடோப்புடன் துணையூக்கி (எதிர்வினையைத் தூண்டச் சேர்க்கும் பொருள்) இல்லாமலே வலுவான எதிர்ப்பொருள் கிடைத்தது. இரண்டு எபிடோப் வேண்டுமானால் உலர் தூளாகவே கலந்து, பிறகு நீரில் கரையுங்கள். உப்புக் கரைசல் கடைசியில்தான். முதலிலேயே உப்புச் சேர்த்தால் இரண்டும் ஒரே இழையில் கலக்காமல் தனித்தனி இழைகளாகிவிடும். எபிடோப் மிகவும் நீர்வெறுப்பு உடையதென்றால் இழைகள் கட்டிதட்டும்.

மைசெல்லில் 16 கார்பன் பால்மிட்டிக் (கொழுப்பு அமில) வால்தான் கூடி அமைய வைக்கிறது. அமினோ அமில வரிசைக்கான கட்டுப்பாடு குறைவு. ஆனால் சுத்திகரிப்பில் சி18 (18 கார்பன் சங்கிலி பூசிய, நீர்வெறுப்பு மிகுந்த) பிரிப்புத் தம்பத்தில் ஒட்டிக்கொள்ளும், 4 கார்பன் சங்கிலி கொண்ட சி4 நல்லது. உடலில் நீர்த்ததும் பிரியலாம், இரத்த ஆல்புமினும் வாலைப் பிடித்து இழுத்துவிடும்.

எதிர்ப்பொருள்தான் குறி என்றால் கியூ11 பக்கமே சாய்வேன். எதுவானாலும் எண்டோடாக்சினை (மாசாகக் கலந்துவிடும் பாக்டீரியா நச்சு) அளக்காமல் ‘துணையூக்கி தேவையில்லை’ என்று சொல்லக் கூடாது. மாசே ஊக்கியாக நடித்துவிடும்.