கார்னகி ஹால் 1938: க்ரூப்பாவுக்காகவே வாங்கலாம்

இந்த ஜாஸ் ஆல்பத்தின் அட்டையில் இருப்பது கிளாரினெட் கலைஞரும் பேண்ட் தலைவருமான பென்னி குட்மேன் பெயர். ஆனால் இதை நான் பரிந்துரைப்பது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கும் ஜீன் க்ரூப்பாவுக்காக. 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி இது, எல்பியாக வெளிவந்தது 1950-இல்தான். வாங்குவதென்றால் 1999-இல் வந்த முழுமையான இரண்டு சிடி பதிப்பை வாங்குங்கள்.

முதல் பாட்டு 'டோன்ட் பி தட் வே'. ஆரம்பத்தில் பேண்ட் கொஞ்சம் விறைப்பாகத்தான் வாசிக்கிறது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளியில் க்ரூப்பா புகுந்து விளாசுகிறார் பாருங்கள், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, அதோடு எல்லோருக்கும் தயக்கம் விட்டுப்போய் ஆட்டம் சூடுபிடிக்கிறது.

'சிங், சிங், சிங்' 12 நிமிடம். அதில் வரும் டாம்-டாம் (டிரம்ஸ் செட்டில் கனத்த ஒலி தரும் மேளம்) அடியைப் பெயர் தெரியாமலே எங்காவது கேட்டிருப்பீர்கள். எல்லோரும் அதன் அதிரடியைத்தான் புகழ்வார்கள், எனக்கோ கடைசிப் பகுதியில் யாரும் திட்டமிடாமல் ஜெஸ் ஸ்டேசி பியானோவில் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடம்தான் உயிர். ஸ்டேசி மெல்ல மெல்ல உள்ளே போகப் போக, க்ரூப்பாவும் சத்தத்தை அடக்கிக்கொண்டு, ஆனால் நடை மட்டும் துளியும் தளராமல், கீழே ஓடிக்கொண்டே இருக்கிறார். வெறும் சத்தக்காரர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

இந்த டாம்-டாமுக்கே ஒரு கதை உண்டு. க்ரூப்பாவுக்கு முன்பு அதன் தோலை ஆணியடித்துப் பொருத்துவார்கள், சுருதி சேர்க்க வழி கிடையாது. இரண்டு பக்கத் தோலையும் முறுக்கிச் சேர்க்கும்படி ஸ்லிங்கர்லேண்ட் என்ற டிரம்ஸ் தயாரிப்பு நிறுவனத்தைச் செய்யவைத்தவர் க்ரூப்பா. இன்றைக்கு எந்த டிரம்மர் டாமில் சாவி போட்டு முறுக்கினாலும் அதில் அவர் பங்கு இருக்கிறது. இந்தக் கச்சேரி முடிந்து இரண்டு மாதத்தில் குட்மேனை விட்டு விலகிச் சொந்த பேண்ட் தொடங்கினார். 1941-இல் கறுப்பினத்தவரான ட்ரம்பெட் மேதை ராய் எல்ட்ரிஜைத் தன் வெள்ளையர் பேண்டில் சேர்த்துக்கொண்டார், அன்றைய அமெரிக்காவில் அது லேசான காரியமில்லை.

குறை என்றால், 'ஹனிசக்கிள் ரோஸ்' ஜாம் (பலர் கூடி அப்போதைக்கப்போது கற்பனையில் வாசிப்பது) இழுவை. பியானோ கலைஞர் கவுண்ட் பேஸி, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் எல்லாம் இருந்தும் அது எங்கோ அலைகிறது. அப்புறம் இரைச்சல். பழைய தட்டின் கரகரப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள், ஹெட்போனில் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு அது சரியென்றே படுகிறது, ஏனென்றால் கரகரப்பைத் துடைக்கப் போனால் சிம்பலின் மினுமினுப்பும் கூடவே போய்விடும். துல்லியமான ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கேட்டு முடித்ததும் டிரம்மரும் பேண்ட் தலைவருமான சிக் வெப்பின் 'ஹார்லெம் காங்கோ'வையும் தேடிக் கேளுங்கள். 1937 மே மாதம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள சவாய் பால்ரூம் நடன அரங்கில் குட்மேன் பேண்டும் வெப் பேண்டும் மோதியபோது ஜெயித்தது வெப், அதை க்ரூப்பாவே மனதார ஒப்புக்கொண்டார்.