கடமான் தலைக்குக் கண்ணாடிப் பெட்டி: பழைய வண்ணாரப்பேட்டைக் கடை எப்படி?

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடமான் தலை தொங்குகிறது. மாமனாருடைய அப்பா 1950-களில் லைசென்ஸ் வாங்கிச் சுட்டு, மைசூர் வான் இங்கன் கம்பெனியில் கொடுத்துப் பாடம் செய்தது. அந்தக் கம்பெனியையே 1999-இல் மூடிவிட்டார்கள். எனக்கு அந்த வேட்டையில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் தூசு தட்டுகிறவள் நான்தான். அதனால்தான் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கும் கண்ணாடிக் கடையில் பெட்டி செய்யச் சொன்னோம்.

கடைக்காரர் அளவு கேட்கவில்லை. "பேப்பர் கீதா, அக்கா? இல்லாட்டி நான் கை வெக்க மாட்டேன்" என்றார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். விற்கக் கூடாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். மாமனார் போனதும் வீட்டுக்காரர் அதைச் செய்துவிட்டார். நகலைக் காட்டினோம்.

பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வான் இங்கன் தலைகளுக்குள் இருப்பது காகிதக் கூழ் அச்சு. நம் பக்கத்துக் கடல் காற்றில் ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். கத்திரி வெயிலில் தோல் சுருங்கி, காது ஓரமும் மூக்கும் வெடிக்கும். இரண்டும் மாறி மாறி நடப்பதுதான் பெரிய கேடு. போதாததற்கு, அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உள்பக்கம் ஆர்செனிக் பூசுவார்கள். ஆகவே கையுறை, மாஸ்க் இல்லாமல் நான் தொடுவதில்லை. மெல்லிய பிரஷ்ஷால் மயிர் படிந்திருக்கும் திசையில் மட்டும் தள்ளுவேன். வாயால் ஊதவே கூடாது.

இடது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டை உண்டு. பூச்சி என்று மாமியார் சொல்வார். எனக்கு அது சுட்ட அன்றைய தாமதமாகத்தான் படுகிறது. உரித்த தோலைச் சீக்கிரம் ஆறவைத்து உப்புப் போடாவிட்டால் பாக்டீரியா மயிர்க்காலைத் தளர்த்திவிடும். காசிமேட்டில் கருவாடு போடுகிறவர்களிடம் கேட்டால் இதே கதையைத்தான் சொல்வார்கள். பூச்சி என்றால் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டும், புழு கழற்றிய சட்டைகள் கிடக்கும். இங்கே இரண்டும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். 5 மி.மீ. கண்ணாடி, அலுமினியச் சட்டம், பூட்டுள்ள கதவு. முதலில் பின்பக்கம் பிளைவுட் வைத்திருந்தார். அதிலிருந்து வரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கிவிடும் என்று சொன்னேன். முனகிக்கொண்டே ஏ.சி.பி. ஷீட்டுக்கு (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) மாற்றினார், ரூ. 900 கூட ஆனது. மொத்தம் ரூ. 9,400. உள்ளே எல்.ஈ.டி. லைட் போட்டால் "சூப்பரா இருக்கும்" என்று விடாமல் சொன்னார். வெளிச்சத்தில் மயிர் வெளுக்கும், வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டு குறைகள். கதவின் கீழ் மூலையில் ரப்பர் பீடிங் சரியாக ஒட்டவில்லை. புழுவுக்கு அந்த இடைவெளி தாராளம். போன் செய்ததும் பையனை அனுப்பிச் சரிசெய்தார்கள், பணம் கேட்கவில்லை. அடுத்தது, கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் பசை காயுமுன்பே கொண்டுவந்து, தலையை உடனே வைக்கச் சொன்னார்கள். புளித்த காடி வாடை அடித்தது. அந்த வாடை முழுக்கப் போகும்வரை பெட்டியைத் திறந்தே போட்டிருந்தேன். நீங்களும் அவசரப்படாதீர்கள். அடுத்த முறை செய்யச் சொல்பவர்கள் காடி வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலையில் குறை சொல்ல முடியாது. கொம்பு கண்ணாடியில் இடிக்காமல் ஆழம் கணக்காக வைத்திருந்தார். வெளிச்சுவரை விட்டு உள்சுவரில் ஆங்கர் போல்ட் அடித்தார்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் வைத்திருக்கிறேன். மழை நாளிலும் ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஜெல் நிறம் மாறினால் எடுத்துக் காயவைத்துத் திரும்ப வைக்கலாம்.

ஐந்துக்கு நான்கு. போகும்போது சான்றிதழ் நகலையும் கொம்பின் அகலத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அளவெடுக்க அவரே வீட்டுக்கு வருவார்.