முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் லாக்புக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: ஸ்போர்ட் பைலட் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட் (சிறு விமானங்களைப் பொழுதுபோக்குக்காக ஓட்டும் லைசென்ஸ்) பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களுக்கும் கட்டப்போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. பள்ளியின் பெயரைப் போடவில்லை. டெக்சாஸில் உள்ள ஒரு சின்னப் பள்ளி என்று தெரிந்தால் போதும்.

மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தமிழ் இளைஞர், "20 மணி நேரத்தில் லைசென்ஸ்" என்ற பேக்கேஜை நம்பி முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டினார். ஏழு மாதத்தில் 34 மணி நேரம் பறந்தார். பரீட்சை நாளன்று எக்ஸாமினர் விமானத்தின் பக்கமே போகவில்லை. லாக்புக்கை (பறந்த நேரமும் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்துகளும் பதியும் ஏடு) வாங்கி இருபது நிமிடம் புரட்டினார். "இன்றைக்குப் பரீட்சை வைக்க முடியாது" என்று மூடிக் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கங்களில் இருந்ததையும் இல்லாததையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சோலோ கையெழுத்து, அதாவது மாணவர் தனியாகப் பறக்க இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தரும் அனுமதி (எண்டார்ஸ்மெண்ட்). மார்ச் 3 தேதியிட்ட ரப்பர் ஸ்டாம்ப், கீழே இன்ஸ்ட்ரக்டரின் கிறுக்கல். விமானத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிடிஎல்எஸ் என்ற மாடல் இருந்தது. அது ஏப்ரலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் பையனை ஸ்போர்ட்குரூசர் என்ற வேறு மாடலில் ஏற்றிவிட்டார்கள். முதலாவதில் இறக்கை தலைக்கு மேலே, இரண்டாவதில் காலுக்குக் கீழே. ஒரே ஒரு பாடம் கூடவே பறந்துவிட்டுத் தனியே அனுப்பிவிட்டார்கள். லாக்புக்கில் ஸ்போர்ட்குரூசருக்கு சோலோ அனுமதியே இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் 61.87 விதியில் இதற்கு வளைவு நெளிவு கிடையாது. சோலோ எண்டார்ஸ்மெண்ட் தயாரிப்பாளரையும் மாடலையும் குறிப்பிட்டு, அந்த விமானத்துக்கென்றே எழுதப்பட வேண்டும். பறக்கும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் இடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மார்ச் 3-ல் போட்ட கையெழுத்து ஜூன் 1 வரைதான் தாங்கும். இவருடைய நீண்ட சோலோ பயணம் ஜூன் 9. ஆக விமானமும் தவறு, தேதியும் தாண்டிவிட்டது. 5.4 மணி நேர சோலோவில் எக்ஸாமினர் ஏற்றுக்கொண்டது மார்ச் மாதத்து 1.6 மட்டுமே. ஸ்போர்ட் பைலட்டுக்குக் குறைந்தபட்சம் 5 மணி நேர சோலோ வேண்டும்.

சோலோவுக்கு முன் எழுத வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. இது கம்ப்யூட்டர் சென்டரில் எழுதுவது அல்ல, இன்ஸ்ட்ரக்டரே வைக்கும் தேர்வு. எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் 61, 91 ஆகிய பாகங்களில் மாணவருக்குப் பொருந்தும் விதிகள், சோலோ பறக்கும் விமான நிலையத்தின் வான்வெளி விதிகளும் நடைமுறைகளும், அந்த மாடல் விமானத்தின் குணங்களும் வரம்புகளும் என மூன்று பகுதி. தவறான விடைகளை இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து விளக்கியாக வேண்டும். இந்தப் பள்ளியில் விடையோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்த தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். லாக்புக்கில் மட்டும் "தேர்ச்சி" ஸ்டாம்ப் பளிச்சென்று இருக்கிறது.

ஸ்டாம்பைவிட மோசம் குறிப்புக் கட்டம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் சோலோ போவதற்கு முன் 15 வகைப் பயிற்சிகள் கொடுத்து, அவற்றை லாக்புக்கில் எழுதியிருக்க வேண்டும். டாக்ஸி (தரையில் ஓட்டுவது), பக்கக்காற்றில் ஏறி இறங்குவது, மெதுவான வேகத்தில் பறப்பது, பல நிலைகளில் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வரவழைத்து மீள்வது, எஞ்சின் நின்றதாக வைத்து இறங்குவது, ஸ்லிப் (பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைப்பது), கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவது) எல்லாம் அதில் அடக்கம். இவருடைய ஒன்பது பாடங்களுக்கு எதிரே இரண்டே சொற்கள்: "பேட்டர்ன் வொர்க்" (ரன்வேயைச் சுற்றிவந்து ஏறி இறங்குவது). ஸ்லிப் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. கோ-அரவுண்ட் ஒரே ஒரு முறை.

இது வெறும் காகிதக் குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிடிஎல்எஸ், ஸ்போர்ட்குரூசர் போன்ற விமானங்கள் பெரும்பாலும் 600 கிலோவுக்குள்தான். ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகம் கூடுதலாக வந்தால் தரைக்கு ஓரடி மேலே மிதந்துகொண்டே ரன்வேயைத் தின்றுவிடும். அப்போது கோ-அரவுண்ட் எடுக்க வேண்டும். இறங்குவதற்காக டிரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கின் நிலையைத் தக்கவைக்கும் அமைப்பு) செய்திருக்கும் நிலையில் முழுத் திராட்டில் (எஞ்சின் சக்தி) கொடுத்தால் மூக்கு சட்டென்று மேலே எழும், விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டரும் (வால் சுக்கானை அசைக்கும் மிதி), ஸ்டிக்கை முன்னால் தள்ளும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது முதன்முதலாகச் செய்து பார்க்கிற காரியமா அது?

அடுத்தது கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு விமான நிலையங்களுக்குப் பறந்து போகும் பயணம். தனியாக ஒரே பயணத்தில் மொத்தம் 75 நாட்டிக்கல் மைலாவது (ஒன்று சுமார் 1.85 கி.மீ.) பறக்க வேண்டும். குறைந்தது இரண்டு இடங்களில் முழுமையாக நின்று இறங்க வேண்டும். ஒரு கட்டமாவது நேர்கோட்டில் 25 நாட்டிக்கல் மைல் இருக்க வேண்டும். இவர் பறந்தது 31, 27, 24 என மூன்று கட்டம், மொத்தம் 82. தூரத்தில் குறையில்லை. ஆனால் வெளியே தொட்ட இரண்டு விமான நிலையங்களிலும் டச் அண்ட் கோ (சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்புவது) போட்டுவிட்டு வந்துவிட்டார். முழுதாக நின்றது கிளம்பிய இடத்தில் மட்டும்தான். "நேரம் மிச்சமாகும்" என்று சொல்லிக்கொடுத்தவர் இன்ஸ்ட்ரக்டர்! பேட்டர்னில் தேவைப்படும் 10 டேக்-ஆஃப், லேண்டிங்கும் முழு நிறுத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

வெளியே தொட்ட அந்த இரண்டில் ஒன்று கட்டுப்பாட்டு டவர் உள்ள விமான நிலையம். ஸ்போர்ட் பைலட் மாணவர் கட்டுப்படுத்தப்பட்ட பி, சி, டி வகுப்பு வான்வெளிக்கோ டவர் இருக்கும் இடத்துக்கோ தனியாகப் போக 61.94-ன் கீழ் தனிப் பயிற்சியும் 90 நாள் செல்லுபடியாகும் தனிக் கையெழுத்தும் வேண்டும். அது இல்லை. ஒவ்வொரு கிராஸ் கன்ட்ரிக்கும் அன்றைய திட்டத்தையும் வானிலையையும் பார்த்து இன்ஸ்ட்ரக்டர் அன்றைக்கே எழுதித் தர வேண்டிய அனுமதியும் இல்லை. கிராஸ் கன்ட்ரிக்குப் பொதுவாகப் போட்ட ஒரு ஸ்டாம்ப்தான் இருந்தது. இரண்டும் ஒன்று என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொது ஸ்டாம்ப் இல்லாமல் தினசரி அனுமதி செல்லாது, தினசரி அனுமதி இல்லாமல் பொது ஸ்டாம்பும் செல்லாது.

இன்னொன்று, பள்ளிகள் வாயே திறக்காத சங்கதி. சமமட்டத்தில் பறக்கும்போது அதிகபட்ச வேகம் 87 நாட் அளவுக்கு மேல் உள்ள விமானத்தில் சோலோ கிராஸ் கன்ட்ரி போவதற்கு முன், ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். ஸ்போர்ட் தகுதி மட்டும் உள்ள இன்ஸ்ட்ரக்டர் அதைச் சொல்லித்தர, அவரே அதற்கெனத் தனிப் பயிற்சியும் கையெழுத்தும் பெற்றிருக்க வேண்டும். இந்த இன்ஸ்ட்ரக்டருக்கு அது இல்லை, அதனால் அந்தப் பாடத்தையே விட்டுவிட்டார். முதல் நாளே கேளுங்கள்: "நீங்கள் முழுத் தகுதி உள்ள இன்ஸ்ட்ரக்டரா (சி.எஃப்.ஐ.), ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரா? கருவிப் பயிற்சி தர உங்களுக்கு எண்டார்ஸ்மெண்ட் இருக்கிறதா?" நல்ல இன்ஸ்ட்ரக்டர் கோபப்பட மாட்டார், சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுவார். 2024 டிசம்பர் 1 முதல் இன்ஸ்ட்ரக்டர் சர்டிபிகேட்டில் காலாவதித் தேதி அச்சிடுவதில்லை. ஆனாலும் 24 மாதத்துக்கு ஒருமுறை அவர் தன் தகுதியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அந்தத் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

இனி பணம். ஸ்போர்ட் பைலட்டுக்கு விதி கேட்பது 20 மணி நேரம்: 15 இன்ஸ்ட்ரக்டரோடு, 5 தனியாக. அந்த 15-க்குள் 2 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி வர வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு, இவ்வளவில் முடிந்துவிடும் என்ற வாக்குறுதி அல்ல. 20-க்கு விலை பேசி, 21-லிருந்து வேறு விலை போடுவதுதான் பேக்கேஜின் சூட்சுமம். பில்லில் எந்த மீட்டர் என்றும் பாருங்கள். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடினாலே கடிகாரம் போல ஓடும். டேக்கோ மீட்டர் ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது மெதுவாக ஓடும். இந்த வகை விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் எண்ணெய் 50 டிகிரி செல்சியஸ் வரும்வரை முழு பவர் கொடுக்கக் கூடாது. குளிர்காலக் காலையில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடும், அதுவும் உங்கள் காசுதான். இவருடைய ஒரு பில்லில் ஹாப்ஸ் 1.4, அதே பாடத்துக்கு டேக்கோ 1.1. ஹாப்ஸில் வாங்குவது ஏமாற்றல்ல. டேக்கோ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு ஹாப்ஸில் வாங்கியதுதான் ஏமாற்று.

காலம் கடத்துவதும் ஒரு வழி. ஸ்டூடன்ட் பைலட் சர்டிபிகேட் கையில் இல்லாமல் சோலோ போக முடியாது. 2016 ஏப்ரல் முதல் அது பிளாஸ்டிக் அட்டையாகத் தபாலில் வருகிறது, பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு. முதல் வாரமே எஃப்.ஏ.ஏ.வின் ஐ.ஏ.சி.ஆர்.ஏ. இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தால் சோலோ கட்டத்துக்குள் வந்திருக்கும். இவருக்கு 14-ஆவது மணி நேரத்தில்தான் விண்ணப்பம் போட்டார்கள். அட்டை வரும்வரை "கை மறந்துவிடும்" என்று சொல்லிப் பணம் கட்டும் பாடங்கள் தொடர்ந்தன. கடைசிக் கட்டத்திலும் இதே கதை. பரீட்சைக்கான 2 மணி நேரத் தயாரிப்பு, பரீட்சை மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் இருக்க வேண்டும். செப்டம்பரில் பரீட்சை என்றால் ஜூலை 1 முதல் செய்தது மட்டுமே செல்லும். எக்ஸாமினர் தேதி கிடைக்கும் முன்பே தயாரிப்பை முடித்தால் மறுபடியும் செலவு.

மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்று) விஷயத்தில் ஒரு தவறான அறிவுரை வாழ்நாள் முழுக்கக் கடிக்கும். ஸ்போர்ட் பைலட்டுக்கு அமெரிக்க ஓட்டுநர் உரிமமே போதும். ஆனால் கடைசியாக விண்ணப்பித்த எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் மறுக்கப்பட்டிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். "எதற்கும் மூன்றாம் வகுப்பு மெடிக்கல் போட்டுப் பாருங்கள்" என்று பள்ளி சொன்னால், நீரிழிவோ இதயப் பிரச்சினையோ மன அழுத்த மருந்தோ இருப்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்காதவருக்கு வழி திறந்திருக்கிறது, விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்குக் கிடையாது. இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இதற்கு உதவாது.

இந்த இளைஞர் அமெரிக்கக் குடிமகன். எச்1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் பயிற்சிக்கு முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். ஸ்போர்ட் பைலட்டுக்கும் இது உண்டு. "சின்ன விமானம்தானே, வேண்டாம்" என்று சொல்லும் பள்ளியில் கால் வைக்காதீர்கள். ஊரிலிருந்து வர நினைப்பவர்களுக்கும் ஒன்று: இந்தச் சர்டிபிகேட்டைக் காட்டி இந்தியாவில் கமர்ஷியல் பைலட் ஆகலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அது பொய். அங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரமும் முதல் வகுப்பு மெடிக்கலும். ஸ்போர்ட் பைலட் கூலிக்குப் பறக்கவே கூடாது.

2025 அக்டோபர் 22-லிருந்து புதிய விதி வந்து, நான்கு இருக்கை விமானங்கள் பலவும் ஸ்போர்ட் பைலட்டுக்குத் திறந்துவிட்டன. இறக்கை மடல்களை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட் அளவுக்குள் இருக்க வேண்டும். இதை வைத்து இப்போது விளம்பரங்கள் பறக்கின்றன. இருக்கை நான்கு என்றாலும் பயணி ஒருவர்தான் என்பதை அந்த விளம்பரங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் செய்ய வேண்டியது: லாக்புக்கைப் பள்ளி அலமாரியிலிருந்து இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சோலோ கிராஸ் கன்ட்ரியில் அது உங்களோடு விமானத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி, ஆகவே "ஆபீசில் வைப்பதுதான் வழக்கம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் சோலோ எண்டார்ஸ்மெண்ட் கொடுத்தார் என்ற பதிவை இன்ஸ்ட்ரக்டர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். பிறகு வேறு இன்ஸ்ட்ரக்டரிடம் லாக்புக்கை மட்டும் கொடுத்து ஒரு மணி நேரத் தரைப்பாடத்துக்குப் பணம் கட்டி, ஸ்போர்ட் பைலட்டுக்கான பறக்கும் நேரத் தேவைகளைச் சொல்லும் 61.313 விதியின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தேதியை எழுதச் சொல்லுங்கள். பழைய தேதி போட்டுப் புதுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொய்ப் பதிவுக்கு இன்ஸ்ட்ரக்டரின் சர்டிபிகேட்டோடு உங்களுடையதும் போகும்.

அந்த இளைஞர் அப்படித்தான் செய்தார். வேறு ஊர், வேறு இன்ஸ்ட்ரக்டர், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பணம். புது எண்டார்ஸ்மெண்ட், கருவிப் பயிற்சி, டவர் பயிற்சி, திரும்பவும் 3.4 மணி நேர சோலோ, திரும்பவும் அதே முக்கோணப் பயணம். இந்த முறை இரண்டு இடங்களிலும் ரன்வேயை விட்டு வெளியே வந்து நின்று, போட்டோ எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். முன்பணத்தில் பறக்காமல் மிச்சமிருந்த தொகையை முதல் பள்ளி இன்னும் திருப்பித் தரவில்லை.