அப்பிச்சிக்கு எந்தக் கல்? கறுப்பு கிரானைட்டும் சாம்பல் கருங்கல்லும்

தோட்டத்து வேப்பமரத்தடியில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பேரில் ஒரு நினைவுக்கல் நடச் சொல்லி அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்டு மூன்று மாதம் ஆகிறது. சங்ககிரி, திருமுருகன்பூண்டி, கிருஷ்ணகிரி என்று அலைந்ததில் கடைசியாக இரண்டு கற்கள் நின்றன.

முதலாவது, கடைகளில் பிளாக் கிரானைட் என்று விற்கும் கறுப்புக் கல். புவியியல்படி இது டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி, சுவர் மாதிரி உறைந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சுவர்கள் நிறைய உண்டு. கல்லுக்குள் இருக்கும் கனிம மணிகள் பொடி என்பதால் சின்ன எழுத்துகூட முனை உடையாமல் நிற்கும். பாலிஷ் போட்ட இடம் கறுப்பு, வெட்டிய இடம் வெளிர் சாம்பல். பெயின்ட் இல்லாமலே படிக்கலாம். கன அடிக்குச் சுமார் 85 கிலோ வரும், சாதாரண கிரானைட் 75 கிலோதான். மணிகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது.

ஆனால் மட்டமான சரக்குக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். மாமன் வீட்டுக் கல் இரண்டு கோடையில் திட்டுத்திட்டாக வெளுத்துப்போனது. வாங்கும் முன் நகப்பூச்சு அழிக்கும் அசிடோனைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம்.

இரண்டாவது, கோயில் தூண்களில் பார்க்கும் சாம்பல் கருங்கல். எனக்குக் காட்டியது சார்னோக்கைட். நீலகிரி, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் பெரும்பாலும் இந்தப் பாறைதான். நீலகிரியில் இருப்பதற்குச் சுமார் 250 கோடி வயது. பெயர் வந்ததே ஒரு சமாதிக் கல்லால். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். 1893இல் அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். நினைவுக்கல் தேடும் எனக்கு இது மனதில் ஒட்டிக்கொண்டது.

இதில் மணிகள் கொஞ்சம் பெரிசு. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மணிகளை மழை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருக்கும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் மெல்ல மெல்லக் களிமண்ணாகும். அதனால் பொடி எழுத்துக்கு ஆகாது. பெரிய எழுத்தை ஆழமாகக் கொத்தினால் தலைமுறைகளுக்கு நிற்கும். இழக்கப் பளபளப்பும் இல்லை, வயதானாலும் ஒரே சீராக வயதாகும். தட்டிப் பாருங்கள்: நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும், உள்வெடிப்பு இருந்தால் சத்தம் அமுங்கும்.

சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து இளஞ்சிவப்புக் கல் பார்க்க அழகு. மணி மிகப் பெரிசு, எழுத்து அதிலேயே தொலைந்துவிடும். பளிங்கு வெட்டவெளிக்கு வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மழையில் கரையும்.

சரி, எந்தக் கல்லானாலும் நடும் இடம் முக்கியம். அரச்சலூர் மலையில் தமிழ் பிராமியில் வெட்டிய இசை எழுத்துகள் 1,500 ஆண்டுகளுக்கு மேலாகியும் தெரிகின்றன; குகைத்தளத்தில் நேரடி மழை படாததும் ஒரு காரணம். அடியில் இரும்புக் கம்பி வைத்து நிறுத்தாதீர்கள், துரு ஊதிக் கல்லைப் பிளக்கும். கல்மேலேயே கற்பூரம் ஏற்றுவதும் தப்பு. சூட்டில் மேல்தோல் பொரிந்து உதிரும். பாறையைப் பலகையாகப் பெயர்க்கத் தீ மூட்டுவது நம் ஊர்ப் பழைய வித்தைதானே. விளக்குக்குத் தனியாக ஒரு மாடம் வைத்துக்கொள்ளலாம்.

நாலைந்து வரி எழுதுவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக் கல்லைத்தான் சொல்வேன். எங்களுக்குப் பெயரும் பிறந்த, மறைந்த வருடங்களும் போதும். அமுச்சிக்குக் கண் மங்கிவிட்டது. பூண்டிப் பட்டறையில் சாம்பல் கல்லில் வெட்டிய மாதிரி எழுத்தை விரலால் தடவி, "இது அ" என்றாள். அதையே சொல்லியிருக்கிறோம்: எழுத்து மூன்று அங்குல உயரம், அரை அங்குல ஆழம், தண்ணீர் தேங்காமல் தலைப்பகுதி சரிவாக.