கிளாடியாவின் கண்ணாடி: ஒரு இருண்ட தேவதைக் கதைக்குள் இரண்டரை ஆண்டுகள்

போன மாதம் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பைன் முடிந்தது; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, பல அமர்வுகளாக நீட்டி விளையாடும் ஒரே கதை அது. இரண்டரை ஆண்டுகள், 58 செஷன்கள், நான்கு ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் டிஎம்மாக நான். ஒரு படத்தை எடுத்து அதிலிருந்து ஒரு கோதிக் திகில் நிலத்தைக் கட்டி, அதற்குள்ளேயே இவ்வளவு காலம் விளையாட முடியுமா என்று தொடங்கும்போது எனக்குச் சந்தேகம் இருந்தது. முடியும். ஆனால் நான் முதலில் போன வழியில் முடியாது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, எது கடைசிவரை நின்றது, எது பத்தாவது செஷனுக்குள் உதிர்ந்தது என்று எழுதுகிறேன்.

படம் 1997இல் வந்த 'ஸ்னோ ஒயிட்: எ டேல் ஆஃப் டெரர்'. இயக்கம் மைக்கேல் கோன். மாற்றாந்தாய் கிளாடியாவாக சிகோர்னி வீவர், தந்தை ஃபிரெடரிக்காக சாம் நீல், மகள் லில்லியாக மோனிகா கீனா. பனிக்காட்டில் ஓநாய்கள் துரத்தி வண்டி கவிழ்கிறது. சாகக் கிடக்கும் மனைவியின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறான் கணவன். தொடக்கமே இதுதான். ஏழு குள்ளர்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஊர் ஒதுக்கித் தள்ளிய சுரங்கக்காரர்கள் இருக்கிறார்கள்.

என்னைப் பிடித்து வைத்தவள் கிளாடியா. வந்த புதிதில் அவள் கெட்டவள் இல்லை, மகளிடம் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கிறாள். விருந்து நடக்கிற ஒரு இரவில் லில்லி தன் இறந்த தாயின் உடையை உடுத்திக்கொண்டு இறங்கி வருகிறாள். ஃபிரெடரிக் மகளையே பார்த்து நிற்கிறான். கர்ப்பிணியான கிளாடியாவுக்கு அந்த இரவிலேயே வலி எடுக்கிறது, பிள்ளை இறந்தே பிறக்கிறது. அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது, தாய்வழியில் வந்த அந்தப் பெரிய கண்ணாடி மட்டும். அவள் செய்வதெல்லாம் கொடுமைதான். ஆனால் எந்த இடத்தில் உடைந்தாள் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். எங்கள் ஆட்டத்தின் திகில் உலகமான ரேவன்லாஃப்டுக்கு வேண்டியது இந்த மாதிரி ஆள்தான்.

ரேவன்லாஃப்ட் 1983இல் டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய ஒரு சாகச நூலாக, ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவின் கோட்டைக் கதையாகத் தொடங்கியது. 1990இல் 'ரெல்ம் ஆஃப் டெரர்' என்ற பெட்டித் தொகுப்பு வந்தபோது தனி உலகமாக விரிந்தது. மூடுபனி சூழ்ந்த தனித்தனி நிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டார்க்லார்ட். நிலத்தை ஆள்பவரும் அதற்குள் சிறைப்பட்டவரும் ஒரே ஆள்தான். எதற்காக ஏங்குகிறாரோ அது கண்ணில் படும், கைக்கு எட்டாது. நான் கையில் வைத்திருந்தது அந்த உலகத்துக்காக 2021இல் வந்த 'வான் ரிக்டன்ஸ் கைடு' என்ற நூல். டார்க்லார்டின் கதையோடு அவருடைய வேதனை என்ன என்பதையும் யோசித்து எழுதச் சொல்லும் அதன் முறை எனக்கு ரொம்பவே உதவியது.

சரி, முதல் தோல்வி. முதல் ஆறு செஷனும் படத்தை அப்படியே ஓட்டினேன். லில்லி காட்டுக்குள் ஓடி வருகிறாள், ஆட்டக்காரர்கள் சுரங்கக்காரர்களோடு சேர்ந்து அவளைக் காக்கிறார்கள். இரண்டு பேர் படம் பார்த்தவர்கள். பார்க்காதவர்களுக்கும் ஸ்னோ ஒயிட் கதை தெரியும். ஆப்பிள் எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆபத்தெல்லாம் லில்லிக்கு வந்தது, முடிவெல்லாம் லில்லி எடுத்தாள். ஆறாவது செஷன் முடிந்ததும் எங்களில் இளையவர் சொன்னார்: "அண்ணா, இது அவளோட கதை. நாங்க பக்கத்துல நின்னு பாத்துட்டிருக்கோம்." அது உண்மை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு கேள்வியிலிருந்து தொடங்கினேன். படத்தின் முடிவில் லில்லி கண்ணாடியில் கத்தியைப் பாய்ச்சுகிறாள், கிளாடியாவின் அழகு அழிகிறது, அவளும் அழிகிறாள். கத்தி பாய்ந்த அதே நொடியில் மூடுபனி வந்து சூழ்ந்திருந்தால்? கண்ணாடியில் விரிசல் விழுந்தது, உடையவில்லை. லில்லி காணாமல் போனாள். கோட்டையும் காடும் சுரங்கமும் பனிக்குள் தனியாகிவிட்டன. இருபது ஆண்டுகள் கழித்து ஆட்டக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். கிளாடியாவின் முகம் அப்படியே இருக்கிறது, ஆனால் எந்தத் தண்ணீரில் பார்த்தாலும் எந்த உலோகத்தில் பார்த்தாலும் தீயில் வெந்த முகம்தான் அவளுக்குத் தெரியும். தன் சொந்த முகத்தை அந்த விரிசல் கண்ணாடி ஒன்றில்தான் பார்க்க முடியும். மாடியறைத் தொட்டிலில், அன்று இறந்து பிறந்த அந்தப் பிள்ளை மூச்சு விடுகிறது, கண் திறப்பதில்லை.

படத்தையோ கதையையோ தழுவ நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அந்தக் கதை முடிந்த பிறகு உங்கள் ஆட்டம் தொடங்கட்டும். நாயகியை வெளியே அனுப்பிவிடுங்கள். தோற்றவரும் தோல்வி நடந்த வீடும் மட்டும் இருக்கட்டும். அந்த வீட்டில் ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கும்.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆட்டத்தைக் கடைசிவரை தாங்கியது அதுதான். கண்ணாடியிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அது பொய் சொல்லாது, ஒரே வரியில் பதில் சொல்லும் என்று வைத்தேன். விலை என்ன என்பதில்தான் இடறினேன். முதலில் கேட்டவரின் ஹிட் பாயின்ட்டை, அதாவது பாத்திரத்தின் உயிர்பலத்தைக் காட்டும் எண்ணைக் குறைத்தேன். நாங்கள் ஆடிய ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஒரு இரவு தூங்கி எழுந்தால் ஹிட் பாயின்ட் முழுவதும் திரும்பிவிடும். ஆக கண்ணாடி காலையில் திறக்கும் விசாரணை அலுவலகம் மாதிரி ஆனது. கேட்டார்கள், தூங்கினார்கள், மறுபடி கேட்டார்கள்.

மாற்றிய விதி இது. கேள்வி கேட்பவர் தன் பிம்பத்திலிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்று அவரே சொல்ல வேண்டும், சொன்னதைத் தன் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளில்) எழுதி, அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிம்பத்தில் போனது உலகத்தின் நினைவிலிருந்தும் போய்விடும். ஒருவர் தழும்பைக் கொடுத்தார். அந்தத் தழும்பு வந்த சண்டையில் கூட இருந்த நண்பனுக்கு அதற்குப் பிறகு இவரைத் தெரியவில்லை. மருத்துவச்சியாக ஆடியவர் தன் அம்மாவின் சாயலைக் கொடுத்தார். பன்னிரண்டு செஷன் கழித்து மூடுபனியைத் தாண்டி அவளுடைய சித்தி வந்தபோது, நேருக்கு நேர் நின்று, "எங்க அக்கா மகளைத் தேடி வந்தேன், பாத்தீங்களா?" என்று இவளிடமே கேட்டாள். எந்தப் பகடையும் உருளவில்லை. மேசையில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மொத்தம் 19 கேள்விகள் கேட்டார்கள். கடைசியில் அந்த ஷீட்டுகளைப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவில்தான் ஆள் இருப்பார்.

இதைவிட எளிய, இதைவிட நீடித்த விதி எதையும் நான் பயன்படுத்தியதில்லை. 2021 நூலில் உள்ள மன அழுத்த விதியையும் முயன்றேன். பயங்கரம் கூடக் கூட ஒரு எண் ஏறும், டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டும்போது அதைக் கழிக்க வேண்டும். பத்து செஷன் வரை நன்றாக இருந்தது, பிறகு கணக்குப் புத்தகமாகிவிட்டது, கைவிட்டோம். ஆட்டக்காரரே தன் பாத்திரத்தின் பயங்களைத் தேர்ந்தெடுக்கும் அதே நூலின் யோசனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டோம்.

மந்திரங்கள் பெரிய தலைவலி. தேவதைக் கதையின் ஆயுதம் ஆப்பிள். ஐந்தாம் பதிப்பில் முதல் நிலை மந்திரம் ஒன்றே உணவிலும் நீரிலும் உள்ள விஷத்தை நீக்கிவிடும். ஒன்பதாவது செஷனில் கிளாடியாவின் மேசையில் ஆப்பிள் வந்தது, மருத்துவச்சி அந்த மந்திரத்தைச் சொன்னாள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது ஆட்டக்காரரை ஏமாற்றுவது. "வேலை செய்கிறது. ஆப்பிள் முன்பும் சுத்தமாகத்தான் இருந்தது" என்றேன். அதைத் தின்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு வேறு எந்தச் சாப்பாடும் அவர்களுக்கு ருசிக்கவில்லை, அவ்வளவுதான். சாபம் பழத்தில் இல்லை, பசியில் இருந்தது. அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: மந்திரம் எதைச் செய்யும் என்று நூல் சொல்கிறதோ அதை முழுதாகக் கொடுத்துவிடுவேன், திகிலை அந்த மந்திரம் தொடாத இடத்தில் வைப்பேன். ஐந்தாம் லெவலோடு பாத்திரங்களின் வளர்ச்சியையும் நிறுத்திவிட்டேன். அவர்கள் சக்தி அதற்கு மேல் போனால் காடு வெறும் காடாகிவிடும்.

இந்த அணுகுமுறையின் பலனை 23ஆவது செஷனில் கண்டேன். படத்தில் கிளாடியாவுக்கு குஸ்தாவ் என்று வாய் பேச முடியாத சகோதரன் உண்டு. லில்லியைக் கொல்ல அனுப்பப்படுபவனும் அவளிடம் தோற்றுத் திரும்புபவனும் அவன்தான். பிறகு சகோதரியின் மாயத்திலேயே சாகிறான். என் ஆட்டத்தில் அவனைத் தம்பியாக்கி, உடலைக் கோட்டையின் நிலவறையில் கெடாமல் வைத்திருந்தேன். பிணத்தோடு பேசும் மந்திரத்தைப் போட்டார்கள். ஐந்து கேள்விக்கு இடம் உண்டு. உயிரோடு இருந்தபோது ஒரு சொல் பேசாதவன் அன்று பேசினான். நான்கு கேள்வியை வழி, சாவி, காவல், கண்ணாடி என்று செலவழித்தார்கள். ஐந்தாவதாக, எங்கள் இளையவர் எதிர்பாராமல் கேட்டார்: "அவங்களுக்கு நீ பயப்படுறியா?" நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது இது: "சின்ன வயசுல எனக்காக அக்காதான் பேசுவா." அந்த ஒரு வரிக்குப் பிறகு கிளாடியாவைக் கொல்வது பற்றிய பேச்சு குழுவில் குறைந்துகொண்டே போனது.

கிரிம் சகோதரர்களின் நூலும் கைகொடுத்தது. 1812இல் வந்த முதல் பதிப்பில் ராணி மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். நுரையீரலையும் கல்லீரலையும் கொண்டுவரச் சொல்லித் தின்பதும், முடிவில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு செத்து விழும்வரை ஆடுவதும் அந்தக் கதையிலேயே உள்ளவை. என் நிலத்து மக்களிடம் இந்த இரண்டு வடிவமும் வதந்தியாக உலவின. சுரங்கத்துக்காரர்கள் அவளை மாற்றாந்தாய் என்பார்கள், கோட்டை வேலைக்காரர்கள் பெற்றவள் என்பார்கள். கண்ணாடியிடம் கேட்டு உறுதிசெய்ய யாரும் தன் பிம்பத்தைச் செலவழிக்கவில்லை. இரும்புச் செருப்பு மட்டும் எல்லையில், மூடுபனியின் ஓரத்தில், சூடு ஆறாமல் கிடந்தது. மூலக்கதையைத் தேடிப் படியுங்கள். படம் எடுத்தவர்கள் விட்டுப்போனது அதில் நிறைய இருக்கும்.

வரைபடம், பின்னணி இசை, மெழுகுவர்த்தி எல்லாம் செய்தேன். இரண்டாவது ஆண்டில் எதையும் காணோம், யாரும் தேடவும் இல்லை.

ஒரு தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசினோம். "குழந்தைகளுக்கு ஆபத்து வரலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். இறந்து பிறந்த பிள்ளை இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆச்சரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். 11ஆவது செஷனில் தொட்டில் அறையை விவரித்தபோது, வீடியோவில் சேர்ந்திருந்த ஒருவர் கேமராவை அணைத்துவிட்டார். மறுநாள் தொலைபேசியில், தன் வீட்டில் அது நடந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் விளையாடவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றேன், அவர்தான் வேண்டாம் என்றார். அறை இருக்கட்டும், கதவு மூடியே இருக்கட்டும், வெளியில் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்று முடிவு செய்தோம். எந்த ஆச்சரியமும் ஒரு மனிதரின் துக்கத்தைவிடப் பெரியது இல்லை. கதையின் நடுவில் என்ன இருக்கிறதோ அதைப் பெயர் சொல்லி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கதவு அதற்குப் பிறகு கடைசி செஷன் வரை திறக்கவில்லை. 57ஆவது முடிந்த வாரத்தில் அதே நண்பர் என்னைத் தனியாக அழைத்து, "அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ நாங்க கேக்கலாமா?" என்றார்.

கடைசி இரவில் நான்கு பேரும் கண்ணாடியைத் தாண்டிப் போனார்கள், அதனிடம் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, தொட்டில் பக்கம் உட்கார்ந்திருந்த கிளாடியாவிடம், "என்ன பெயர் வைக்க நினைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். சொன்னதும் மூச்சுச் சத்தம் நின்றது. வெளியே பனி விலகியதா என்று யாரும் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து, எல்லோரும் கிளம்பும் நேரத்தில், எங்கள் இளையவர் கேட்டார்: "ஆமா, லில்லி என்ன ஆனா?" இரண்டரை ஆண்டில் முதல் தடவை. என்னிடம் பதில் இல்லை.